இடது பக்க வீல் மட்டும் ஏன் கறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை காலை வேப்பம்பட்டு ஆண்களில் இரண்டு வகை. மட்டன் கடை க்யூவில் நிற்பவர்கள் ஒரு வகை. காருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வீல் தேய்ப்பவர்கள் இன்னொரு வகை. நான் மட்டனும் வாங்கி வந்துவிட்டு வீலும் தேய்க்கிறவன்.

கார் புதுசெல்லாம் இல்லை. செகண்ட் ஹாண்ட். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஆசைப்பட்டு அலாய் வீல் மாட்டியிருந்தார். "வெள்ளி மாதிரி மின்னும் சார்" என்று சொல்லித்தான் விற்றார். மின்னியது... மூன்று வாரம். அப்புறம் முன் வீல் இரண்டிலும் கரி அப்பிக்கொண்டது. விரலால் தொட்டால் கண் மை! ஷாம்பு போட்டுக் கழுவினால் பாதி போகும். மீதிப் பாதி வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர் மாதிரி அசையாது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேயேன்டா. குத்துவிளக்கு எப்படிப் பளிச்சுனு ஆகுது" என்றாள். எதிர் வீட்டு ரிடையர்டு ரயில்வேக்காரர், "கெரசின் தொட்டுத் தொடைங்க தம்பி" என்றார். நான் இரண்டையும் கேட்கவில்லை. பி.காம். படித்தவன் சொந்தமாக யோசிக்க வேண்டாமா? பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டிலை எடுத்தேன். போர் தண்ணீர் உப்புக் கறையையே எடுக்கிறதே, இது எம்மாத்திரம்!

இடது முன் வீல்தான் நாலிலும் கறுப்பு. அதில் ஊற்றினேன். நுரை பொங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். பொங்கியது அழுக்கு இல்லை, அலுமினியம் என்பது தண்ணீர் விட்ட பிறகுதான் தெரிந்தது. வீலின் மேல் கண்ணாடி போல ஒரு வார்னிஷ் பூச்சு உண்டு. அதில் கீறல் விழுந்திருந்த இடங்களிலெல்லாம் ஆசிட் அடியில் புகுந்து, கறுப்போடு சேர்த்துப் பூச்சையும் தூக்கிவிட்டது. வெள்ளை வெள்ளையாய்த் தேமல்.

என் மனைவி வந்து பார்த்தாள். "நல்ல வேளை, பாப்பாவைக் குளிப்பாட்டற வேலையை உங்ககிட்ட குடுக்கல" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கரி ரோட்டுத் தூசு இல்லை சார். சக்கரத்துக்கு உள்ளே வார்ப்பிரும்புத் தட்டு ஒன்று சுற்றுகிறது. டிஸ்க் என்கிறோமே, அதுதான். பிரேக்கை மிதித்தால் இரண்டு பேடுகள் அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கின்றன. பேடு என்பது இழை, உலோகத் தூள், கிராஃபைட் எல்லாவற்றையும் ஒருவகைப் பிசினில் குழைத்து, சூட்டில் அழுத்திச் செய்த பில்லை. மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் பேடும் கொஞ்சம் தேயும், தட்டும் கொஞ்சம் தேயும். அந்தத் தூள்தான் சுடச்சுடப் பறந்து வந்து வீலில் ஒட்டுகிறது. அதில் இரும்பு நிறைய. ராத்திரிப் பனியோ மழைச் சாரலோ பட்டால் துருப்பிடித்து, பூச்சிலேயே பல் பதித்துவிடும். சோப்புக்கு மசியாத மீதிப் பாதி இதுதான்.

காலேஜில் மூன்று வருஷம் தேய்மானம், தேய்மானம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று பேப்பரில் கழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அது கையில் ஒட்டுகிற சாமான் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கரியின் சொந்த ஊரே எங்கள் ரயில் லைன்தான். வேப்பம்பட்டில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி ஆவடியைத் தாண்டினால் அம்பத்தூர். ரானேயின் பிரேக் லைனிங் ஆலை அங்கே. அந்தப் பக்கம் பாடிக்குப் போனால் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சக்கரமே செய்கிற வீல்ஸ் இந்தியா. இந்தப் பக்கம் திருவள்ளூரில் 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் செய்ய ஆரம்பித்தது. பிற்பாடு அதே திருவள்ளூர் சிட்ரோன் கார்களுக்கும் ஊராயிற்று. ஊர் முழுக்க பிரேக்கும் சக்கரமும் செய்கிறார்கள். நான் பாத்ரூம் ஆசிட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்!

தேமல் விழுந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஆசிட்டை மட்டும் விட்டுவிட்டு, ஷாம்புவும் பிரஷ்ஷுமாக வாராவாரம் அதே இடது வீலைத் தேய்த்தேன். வலது பக்கம் ஒரு மாசத்தில் சேருகிற கரி இடது பக்கம் ஒரு வாரத்தில் சேர்ந்தது. ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை. மைலேஜ் குறைந்தது, பெட்ரோல் பங்க்கைத் திட்டினேன். கார் லேசாக இடது பக்கம் இழுத்தது, ரோட்டைத் திட்டினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பாப்பாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு ஆவடியிலிருந்து சி.டி.எச். ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். திருநின்றவூருக்கு முன்னால், முன்னே போன லாரி சட்டென்று நின்றது. மிதித்தேன். கார் நேராக நிற்காமல் இடது பக்கம் திரும்பி, ஓரத்தில் சைக்கிளோடு நின்ற ஒரு பெரியவரை நோக்கிப் போயிற்று. ஸ்டீயரிங்கை ஒடித்தேன். நின்றது. பெரியவருக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. பார்த்தார், அவ்வளவுதான். பாப்பா, "அப்பா, ஏதோ தீயுதுப்பா" என்றாள். இறங்கிப் பார்த்தால் இடது வீல் பக்கமிருந்து அனல். கிட்டப் போகவே முடியவில்லை.

மறுநாள் மெக்கானிக் ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினார். ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தினி நாளா சார் இந்த வீலு மட்டும் கறுப்பாவுது?"

"ஒரு ஏழெட்டு மாசமா அண்ணே. வாராவாரம் கழுவிடுவேன்."

"அதான் சார் தப்பு. இன்னாத்துக்குக் கறுப்பாவுதுன்னு பாக்காம, கறுப்பைக் கழுவிக்கினே இருந்திருக்கீங்க."

காலிப்பர் நகர வேண்டிய பின் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே தண்ணீர் போயிருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பேடு தட்டை விடாது, உரசிக்கொண்டே ஓடும். அதனால்தான் கரி, சூடு, இழுப்பு, மைலேஜ் இறக்கம் எல்லாம். உள் பக்கத்துப் பேடு இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. பூட் கிழிந்தது வயசாலா, என் ஆசிட்டாலா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே கழுவுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நாலு வீலையும் சும்மா பாருங்கள். பின் வீலைவிட முன் வீல் கறுப்பாக இருப்பது சகஜம். பிரேக் போடும்போது காரின் பாரம் முன்னால் சாய்கிறது; பெரும்பாலான வேலை முன் பிரேக்குக்குத்தான். சின்னக் கார்களில் பின்னால் இருப்பது டிரம், தூள் உள்ளேயே அடைந்து கிடக்கும். ஆனால் முன் இரண்டில் ஒன்று மட்டும் கறுத்தால் பக்கெட்டை வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

இரண்டும் ஒரே மாதிரி கறுப்பா? அப்போது கழுவலாம். வண்டி ஓட்டி வந்த சூட்டோடு வேண்டாம். காபி குடித்துவிட்டு வாருங்கள். காய்ந்த தூளை ஊதவோ, ஏர் பிடிக்கவோ, துடைப்பத்தால் தட்டவோ கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்த காலம் உண்டு. கல்நார் இல்லாத தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை. முதலில் தண்ணீர் விட்டு நனைத்து, கார் ஷாம்புவும் மெத்தென்ற பிரஷ்ஷும் போட்டு ஒவ்வொரு வீலாகத் தேயுங்கள். வீலுக்குத் தனி பக்கெட், தனித் துணி. அதே துணியால் கதவைத் துடைத்தால் இரும்புத் தூளால் பெயிண்ட்டுக்கு உப்புத்தாள் போட்ட மாதிரி. பாத்திர நார், கம்பி பிரஷ், சபையில் சொல்லக் கூச்சமாயிருக்கிற என் ஆசிட் பாட்டில், எதுவும் கிட்டே வரக்கூடாது.

இத்தனைக்கும் மசியாத கறைக்கு 'அயர்ன் ரிமூவர்' என்று ஆசிட் இல்லாத ஸ்ப்ரே கடையில் கிடைக்கிறது. உள்ளே இருப்பது தயோகிளைக்கோலேட். முடி நீக்குகிற கிரீமில் போடுகிற அதே வம்சம். வாசனையும் அதேதான், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிழலில், ஆறிய வீலில், கையுறை போட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். இரும்போடு சேர்ந்ததும் கத்தரிப்பூ நிறத்தில் வழியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வீலுக்கு ரத்தம் வருகிறதோ என்று பயப்படுவார்கள். பாட்டிலில் போட்டிருக்கிற நிமிஷத்துக்கு மேல் விடக்கூடாது, காய விடவே கூடாது. தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். என் வீல் மாதிரி பூச்சு உரிந்திருந்தால் இதுவும் வேண்டாம், ஷாம்புவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் போர் தண்ணீரானால் உடனே துடைக்கவும். இல்லாவிட்டால் கறுப்பு போய் வெள்ளை வரும்.

டயர் பாலிஷ் அடிக்கிற ஆசாமிகள் கவனிக்க. அந்த எண்ணெய்ப் பசை டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. கழுவி முடித்ததும் தெருவிலேயே மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதித்து ஈரத்தை விரட்டிவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும்.

ஐரோப்பாக்காரர்கள் புகைக்குழாயைப் பிடித்து முடித்து இப்போது இந்தத் தூளைப் பிடிக்கிறார்கள். 2024-இல் நிறைவேற்றிய யூரோ 7 சட்டத்தில் முதல் தடவையாக பிரேக் தூளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். பெட்ரோல், டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். அந்தப் பெரியவரிடமிருந்து ஒரு முழத்தில் நின்ற தினம் என் இடது வீல் எத்தனை மில்லிகிராம் கொட்டியிருக்குமோ!

இப்போது பேடு புதுசு, பின்னுக்கு கிரீஸ், பூட் புதுசு. இரண்டு முன் வீலும் சமமாகக் கறுக்கின்றன. பார்க்கவே திருப்தியாக இருக்கிறது. தேமல் மட்டும் போகவில்லை. காரை எப்போதும் இடது பக்கம் சுவரை ஒட்டித்தான் நிறுத்துகிறேன். எதிர் வீட்டு ரயில்வேக்காரர், "பார்க்கிங் பிரமாதம் தம்பி" என்கிறார்.