சக வீரரே நிறம் சொல்லிக் கூப்பிட்டால்…

முதலாவது லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை 2020 டிசம்பரில் யாழ்ப்பாணம் ஸ்டேலியன்ஸ் வென்றபோது, அணித்தலைவராக இருந்தவர் திசர பெரேரா. அதே ஆண்டு ஜூனில் அவருடைய பெயர் வேறொரு செய்தியில் அடிபட்டது. ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்கு ஆடிய காலத்தில் தன்னையும் பெரேராவையும் ‘காலு’ என்று கூப்பிட்டார்கள் என மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் அணித்தலைவர் டரன் சமி வெளிப்படுத்தினார். பலசாலி என்று பாராட்டுகிறார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். கறுப்பன் என்ற கேலி அது என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. பிறகு ஒரு வீரர் தன்னோடு பேசி, அன்பாகத்தான் அப்படி அழைத்தோம் என்று விளக்கியதாகவும் சமி சொன்னார்.

ஏன் உடனே சொல்வதில்லை?

எதிரணி வீரர் இகழ்ந்தால் நமக்காகப் பேச ஓர் அணியே இருக்கும். 2003இல் பிரிஸ்பேனில் இலங்கை வீரர்களை இனம் சொல்லித் திட்டிய அவுஸ்திரேலியாவின் டரன் லேமனுக்கு ஐந்து ஒருநாள் போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. சொந்த அணிக்குள் நடந்தால் நிலைமை வேறு. கேலி செய்தவன்தான் நாளைக்கு மறுமுனையில் நின்று ஓட்டம் எடுக்க வேண்டியவன். முறைப்பாடு செய்தால் ‘பகிடி தெரியாதவன்’ என்ற பெயரும், அணியில் இடம் போய்விடுமோ என்ற பயமும் வரும்.

வசைச்சொல் இல்லாமலும் ஒருவரை ஒதுக்கலாம். தென்னாபிரிக்காவுக்காக 101 டெஸ்ட்களில் 390 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் மக்காயா நிட்டினி. சாப்பிடப் போகும்போது தன் அறைக் கதவை எவரும் தட்டியதில்லை என்று 2020இல் சொன்னார். பேருந்தில் தான் பின்னால் அமர்ந்தால் மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்களாம். அதனால் பையைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடியே போயிருக்கிறார்.

நிர்வாகம் என்ன செய்யும்?

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கிரிக்கெட் கழகத்தில் இனவெறி நிலவியதாக அதன் முன்னாள் வீரர் அஸீம் ரஃபீக் கூறிய 43 குற்றச்சாட்டுகளில் 7 நிரூபணமாயின. பாகிஸ்தானியரை இழிவுபடுத்தும் சொல்லைச் சக வீரர் பயன்படுத்தியதை விசாரணைக் குழு நட்புப் பகிடி என்று எடுத்துக்கொண்டது. எவர்மீதும் நடவடிக்கை இல்லை என்று 2021 ஒக்டோபரில் கழகம் அறிவித்தது. அடுத்த மாதம் ரஃபீக் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் முன் கண்ணீரோடு சாட்சி சொன்னார். அதற்குள் கழகத் தலைவர் பதவி விலகியிருந்தார். 2023இல் கழகத்துக்கு நான்கு இலட்சம் பவுண் அபராதமும் 48 புள்ளிக் குறைப்பும் வந்தன. அதே ரஃபீக், 2011இல் யூதர்களை இகழ்ந்து தான் எழுதிய செய்திகள் வெளிவந்தபோது மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவனும் இன்னொருவனைப் புண்படுத்தக் கூடும். அதனால் அவன் பட்ட காயம் பொய்யாகிவிடாது.

நமக்கு என்ன?

யாழ். மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2024இல் அதே சன்ரைசர்ஸ் அணிக்கு ஆடினார். இனியும் நம் பிள்ளைகள் மொழி தெரியாத அணிகளுக்குப் போவார்கள்; அங்கே அவர்களை மதிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்போம். அப்படியானால் கொக்குவில் மைதானங்களில் ‘கறுவல்’ என்று பட்டம் தெளிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். கூப்பிடப்பட்டவன் சிரிப்பது சம்மதம் ஆகாது. பத்துப் பேருக்கு நடுவில் அவனுக்கு வேறு வழி இல்லை. அவனாக எதிர்க்கட்டும் என்று காத்திருக்காமல், அந்தப் பெயரை முதல்முறை கேட்ட அன்றைக்கே பயிற்றுநரும் அணித்தலைவரும் தடுக்க வேண்டும். யோர்க்ஷயரில் எவரும் அதைச் செய்யவில்லை.