பிள்ளைக்கு ஒரு லவ் பேர்ட்ஸ்

ஆதிச்சநல்லூர் என்றதும் முதுமக்கள் தாழிகளே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ என்பவர் அங்குத் தோண்டியபோது, தாழிகளுள் நெல்லுமியும் சிறுதானிய உமியும் கிடைத்தன. வெண்கலப் பொருள்களில் எருமை, சேவல் இவற்றுடன் பறக்கும் பறவைகளின் உருவங்களும் காணப்பட்டன. தானியமும் பறவையும் இக்கரையில் நெடுங்காலமாகவே ஒன்றாக இருந்து வந்துள்ளன. இன்று தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் பயிரிடும் வீடுகளிலும், மற்ற ஊர்களிலும், பள்ளி செல்லும் பிள்ளைகள் ஆசையோடு கேட்கும் பறவை லவ் பேர்ட்ஸ் ஆகும். வேளாண்மை இதழில் இதற்கு என்ன வேலை என்று உழவர் பெருமக்கள் நினைக்கலாம். விதை மூட்டையும் பூச்சிமருந்தும் இருக்கும் வீட்டில் இப்பறவையை வளர்ப்பதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் பறவை எது என்று தெரிந்துகொள்வது நல்லது. நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளியாகும். இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் கூட்டம் கூட்டமாக வாழ்வது. 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவையியலார் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பிறகு கூண்டிலேயே பெருகி உலகெங்கும் பரவியது. எடை 30 முதல் 40 கிராம்தான். கடைக்காரர்கள் ‘ஆப்பிரிக்கன்’ என்று தனியாகச் சொல்லும் குட்டை வால் பறவையே உண்மையான லவ் பேர்ட். அதில் ஒன்பது இனங்கள் உள்ளன. விலையும் அதிகம், கடியும் அதிகம். முதன்முதலாக வளர்க்கும் பிள்ளைக்குப் பட்ஜெரிகரே ஏற்றது.

பனைமரப் பொந்திலிருந்து எடுத்துவரும் பச்சைக்கிளிக் குஞ்சை மட்டும் எக்காரணங்கொண்டும் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பறவை ஏன் ஒட்டிக்கொள்கிறது?

‘என் குரலைக் கேட்டால்தான் கத்துகிறது, அண்ணன் கூப்பிட்டால் கத்தவில்லை’ என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வதுண்டு. இது வெறும் கற்பனையல்ல. பட்ஜெரிகர் தனித்து வாழும் பறவை அன்று. ஆண் பறவை ஒரு பெட்டையோடு சேரும்போது, அப்பெட்டையின் அழைப்பொலியைக் கேட்டுக் கேட்டுத் தன் ஒலியையும் அதைப் போலவே மாற்றிக்கொள்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கூண்டில் வேறு துணை இல்லாதபோது பிள்ளையே அதற்குத் துணையாகிவிடுகிறது. ஆகவேதான் அது பிள்ளையின் குரலைப் படிக்கிறது, சில சமயம் சொற்களையும் கற்றுக்கொள்கிறது. பேசுவது பெரும்பாலும் ஆண் பறவைகளே. வளர்ந்த ஆணின் மூக்கின் மேலுள்ள சதை நீலமாகவும், பெட்டைக்குப் பழுப்பாகவும் இருக்கும். குஞ்சுகளில் இது தெளிவாகத் தெரியாது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பிள்ளை காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போனால் மாலையில்தான் திரும்பும். அதுவரை அப்பறவைக்குக் கூட்டமே இல்லை. நாள் முழுதும் தனியே விடப்பட்ட பறவை கத்திக்கொண்டே இருக்கும், அல்லது தன் இறகைத் தானே பிடுங்கும். எனவே முதலில் ஒன்றை வாங்கிக் கையில் பழக்கிவிட்டு, ஓரிரு மாதங்களில் இரண்டாவதையும் சேர்த்துவிடலாம். பேச்சுச் சற்றுக் குறையலாம். ஆனால் பறவை நன்றாக இருக்கும். பேசவேண்டும் என்பதற்காகவே ஒற்றைப் பறவையை அடைத்துவைப்பது எனக்கு உடன்பாடானதல்ல.

வாங்கும்போது ஆறு முதல் எட்டு வார வயதுள்ள பறவையாகப் பார்க்கவேண்டும். நெற்றிக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருந்தால் அது இளம் பறவை. முதல் மூன்று நான்கு நாள்கள் அதைத் தொடாமல், அருகில் உட்கார்ந்து மெல்லப் பேசினால் போதும். பிறகு தினமும் பத்து நிமிடம் தினைக் கதிர் ஒன்றைப் பிடித்தபடி கையைக் கூண்டுக்குள் அசையாமல் வைக்கவேண்டும். கதிரைக் கொத்தத் தொடங்கியபின், காலுக்குச் சற்று மேலே வயிற்றில் விரலை மெதுவாக ஒட்டினால் பறவை விரலில் ஏறிவிடும். இதற்கு இரண்டு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பாய்ந்து பிடித்தால் ஒரே நாளில் எல்லாம் கெட்டுவிடும். வெளியே விடும்முன் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தவேண்டும்.

தீவனம்

தினையே முக்கியத் தீவனம். அதனுடன் சாமை, பனிவரகு, சிறிது கம்பு சேர்க்கலாம். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டி போதும். முளைகட்டிய தினை, நன்கு கழுவிய முருங்கைக்கீரை, கொத்தமல்லித் தழை ஆகியவற்றைச் சிறிதளவு கொடுப்பது அவசியம். வெறும் தானியம் மட்டும் தின்னும் பறவைக்குச் சத்துக் குறைவு ஏற்படும். வெண்ணெய்ப் பழம், சாக்லேட், உப்பிட்ட பண்டங்கள் ஆகாது.

இப்பறவை தானியத்தின் உமியை நீக்கி அரிசியை மட்டும் தின்று, உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பது போலவே தோன்றும். உள்ளே ஒரு மணி தானியமும் இராது. இதை அறியாத பிள்ளை, ‘தீனி இருக்கிறதே’ என்று விட்டுவிட்டால் இரண்டொரு நாளில் பறவை பட்டினியால் சாகும். தினமும் காலையில் கிண்ணத்தை ஊதி உமியைப் போக்கிப் பார்க்கப் பழக்கவேண்டும்.

இனி அந்த ஆபத்து. விதைநேர்த்தி செய்த தானியத்தை ஒருபோதும் பறவைக்குக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் உள்ளது. வேளாண்மை படித்த என் வீட்டிலேயே இது நடந்தது. விதைத்து மீந்த, மருந்து கலந்த கம்பைப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்தேன். டப்பாவில் எதையும் எழதி ஒட்டவில்லை. சில மாதங்களில் சாயம் மங்கிவிட்டது. ஒரு நாள் தினை தீர்ந்துபோகவே, ஏழாம் வகுப்புப் படித்த என் மகன் அந்த டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டான். மறுநாள் விடியற்காலையில் பறவை கூண்டின் தரையில் கிடந்தது. ‘நான்தானே வச்சேன், நான்தானே வச்சேன்’ என்று அவன் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தான். வைத்தது அவன்தான், ஆனால் தவறு என்னுடையது. அதை அவனிடம் பலமுறை சொல்லியும் அவன் மனம் ஆற ஒரு பருவம் ஆயிற்று.

நாற்பது கிராம் கூட இல்லாத உடலுக்குச் சில மணிகளில் உள்ள மருந்தே போதுமானது. கழுவினாலும், வெயிலில் உலர்த்தினாலும் நஞ்சு முழுதும் போகாது. மருந்திட்ட விதையை அதன் சொந்தப் பையிலேயே ‘விஷம்’ என்று எழுதிப் பூட்டி வைக்கவேண்டும். மருந்து தெளித்த நாளில் கை கால் கழுவி உடை மாற்றாமல் கூண்டருகே போகக் கூடாது. கொசுவர்த்திச் சுருளும், அடுப்பில் காந்திய நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகையும் இப்பறவைக்கு ஆகாதவை.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் காசு கொடுத்து எதையும் வாங்கவேண்டியதில்லை. தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் உள்ளோருக்குக் கணவாய் ஓடு எளிதில் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் இதையே கடல் நுரை என்பர். இதனை நல்ல தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டிவிட்டால் பறவை தேவைக்கேற்பக் கொறித்துக்கொள்ளும்.

கூண்டும் நோயும்

இரண்டு பறவைகளுக்குக் கூண்டு இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமுமாவது இருக்கவேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. உட்காருவதற்கு வேம்பு அல்லது கொய்யாக் கிளையை வைக்கலாம். கூண்டை மரத்தில் தொங்கவிட்டால் பாம்பும் பூனையும் வரும். தாழ்வாரமே நல்லது. கோடையில் ஈரச் சாக்கை ஒரு பக்கம் தொங்கவிட்டு, தட்டில் குளிக்கத் தண்ணீர் வைக்கவும். குஞ்சு வேண்டாம் என்றால் மண்கலயம் கட்டவேண்டாம்.

நோயுற்ற பறவை அதை வெளிக்காட்டாது. இறகை உப்பிக்கொண்டு பகலிலும் தூங்கினால், நோய் முற்றிவிட்டது என்றே கொள்ளவேண்டும். கூண்டின் ஒரு பக்கம் பல்பு எரியவிட்டு வெதுவெதுப்பாக வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். வாரம் ஒருமுறை சிறு தராசில் எடை பார்த்துப் பள்ளி நோட்டில் எழதி வரும் பிள்ளைக்கு இது முன்னரே தெரிந்துவிடும். நான்கு கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு. கூண்டைக் கூட்டும்முன் எச்சத்தின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி பறக்காது. வீட்டில் யாருக்கேனும் விடாத காய்ச்சலும் இருமலும் கண்டால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். கிளியினப் பறவைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு.

பிள்ளை படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போகும்போது பறவையை என்ன செய்வது என்ற கேள்வி வரும். நன்றாகப் பேணினால் இப்பறவை ஐந்து முதல் பத்து ஆண்டு வாழும். ஆகவே, வாங்கும்போதே இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. ‘பாவம், பறந்து போகட்டும்’ என்று கூண்டைத் திறந்துவிடுவோர் உண்டு. கூண்டில் பிறந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. காக்கையோ வல்லூறோ அன்றைக்கே கொண்டுபோய்விடும். தம்பி தங்கை யாரேனும் இருந்தால், புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அவர்கள் கையால் தினைக் கதிரைக் கொடுக்கச் சொல்லிப் பழக்கவேண்டும். இல்லையேல், பறவை வளர்க்கும் வேறொரு வீட்டுப் பிள்ளையிடம் கூண்டோடும் எடை எழுதிய நோட்டோடும் ஒப்படைக்கலாம்.