மிளகாய் இலை சுருண்டால் கடன் கொப்பியும் சுருளும்

நாயாறு, செம்மலை, அளம்பில், கொக்குத்தொடுவாய்ப் பக்கங்களில் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்குக் கடன் கொப்பி இல்லாமல் வியாபாரம் இல்லை. விதை, பசளை, பூச்சிநாசினி எல்லாம் கடனில் போகும். கச்சானோ மிளகாயோ நெல்லோ விற்ற பிறகுதான் காசு திரும்பும். ஆகவே தோட்டத்தில் பயிர் பிழைத்தால்தான் நமது முதலும் பிழைக்கும். நானும் இந்தப் பக்கத்தில் கச்சானும் மிளகாயும் வாங்கி விற்பவன். பயிர் பற்றிய அறிவு எங்கே கிடைக்கும் என்பது எனக்குப் படிப்புச் சம்பந்தமான கேள்வியல்ல, பணம் சம்பந்தமான கேள்வி.

அந்த அறிவு நமக்குத் தூரத்தில் இல்லை. முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போனால் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு கிளிநொச்சியில் தொடங்கப்பட்ட இப்பீடம், போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின் மீண்டும் கிளிநொச்சிக்கே வந்து சேர்ந்தது. பயிர், மண், பூச்சியும் நோயும், கால்நடை, நீரும் இயந்திரமும், விவசாயப் பொருளாதாரம் என்று தனித்தனித் துறைகள் அங்கே உண்டு. படிப்பு நான்கு ஆண்டுகள். இறுதி ஆண்டில் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும்.

"மாணவர் ஆய்வு நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். அங்கே நடக்கும் வேலை நமது கடைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு மிளகாயையே உதாரணமாக எடுப்போம்.

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் விவசாயி ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு நேரே கடைக்கு வருவார். "இதுக்கு ஒரு மருந்து தாங்கோ" என்பார். கடைக்காரரும் இராக்கையில் இருப்பதைக் கொடுப்பார். ஆனால் சுருளுக்குக் காரணம் ஒன்றல்ல. இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கி வளைந்து இலை ஒடுங்கினால் சிற்றுண்ணி. வெண்ணீ பரப்பும் வைரசாக இருந்தால், நோய் கண்ட செடியை எந்த மருந்தாலும் குணமாக்க முடியாது. அதைப் பிடுங்கி அழித்து, வெண்ணீயைக் கட்டுப்படுத்துவதே வழி.

சிற்றுண்ணி பூச்சி இனம் அல்ல, அது சிலந்தியின் சொந்தக்காரன். அதனால் சாதாரணப் பூச்சிநாசினிகள் பல அதைக் கொல்வதில்லை. நனையும் கந்தகம் போன்ற உண்ணிக்கென்று உள்ள மருந்துதான் வேலை செய்யும். சில பூச்சிநாசினிகள் உண்ணியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றுவிட்டு, உண்ணியைப் பெருகவும் வைக்கும். விவசாயி இரண்டாவது போத்தல், மூன்றாவது போத்தல் என்று கடனில் வாங்குவார். அன்றைக்குக் கடைக்காரருக்கு அது மூன்று விற்பனை. அறுவடையில் காய் இல்லையென்றால் மூன்றும் வராக்கடன்.

இந்த இரண்டு எதிரிகளையும் ஒன்றாகப் பிடிக்க வழி தேடியவர்களில் ஒருவர் இப்பீடத்துப் பேராசிரியர் மிகுந்தன். இந்திய விஞ்ஞானி மஞ்சுநாதாவுடன் சேர்ந்து 2006இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஃபியூசேரியம் செமிடெக்டம் என்னும் பங்கசு மிளகாயின் பனிப்பூச்சியையும் சிற்றுண்ணியையும் தாக்கி அழிக்கக்கூடியது என்று காட்டியது. இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஃபியூசேரியம் இனத்தில் பயிரை வாட வைக்கும் பங்கசுகளும் இருக்கின்றன. எனவே "உயிரியல் மருந்து" என்று பெயர் போட்டு யாராவது கொண்டுவரும் பதிவில்லாத தூளை வாங்கி வைக்கக் கூடாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

இன்னோர் உதாரணம் நாயாற்றுக் களப்புப் பக்கத்து வயல். உவர் ஏறிய மண்ணிலும் நெல் மஞ்சளிக்கும். யூரியா போதாவிட்டாலும் மஞ்சளிக்கும். மண்ணின் உவர் அளவு மீற்றருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டும்போது நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். உவர் வயலுக்குக் கடனில் கொடுக்கும் மேலதிக யூரியா மூட்டை விளைச்சலைத் தராது, கடனைத்தான் கூட்டும். ஒரு மண் பரிசோதனை அந்த மூட்டையை விட மலிவு.

படித்தவர் சொல்லைக் கேளாததால் வந்த நட்டத்தை நாடே கண்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே உட்பட விவசாய அறிஞர்கள் பலர் விளைச்சல் விழும் என்று வெளிப்படையாகவே எச்சரித்தனர். நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெரும்போகத்து நெல் அதற்குள் அடிபட்டுவிட்டது. விவசாயிக்குக் கடன் கொடுத்திருந்த வியாபாரியும் சேர்ந்தே அடிபட்டார்.

நாம் செய்யக்கூடியவை அதிகச் செலவில்லாதவை.

1. இலையைப் பார்க்காமல் மருந்து விற்க வேண்டாம். மேல் சுருளா, கீழ் சுருளா என்று கேளுங்கள். சந்தேகமானால் விவசாயப் போதனாசிரியரிடம் அனுப்புங்கள்.

2. பெரிய தொகைக் கடனுக்கு முன் மண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

3. உங்கள் ஊரில் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினையை எழுதி விவசாய பீடத்துக்குக் கொடுங்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கு அது உதவும், விடை நமக்கு உதவும்.

4. விவசாயம் படித்து வெளியேறும் பிள்ளைகளுக்கு அரச வேலை மட்டுமே வழியல்ல. நான்கைந்து கடைக்காரர் சேர்ந்து ஒரு பட்டதாரியை ஆலோசகராக வைத்துக்கொண்டால் சம்பளச் சுமை பகிரப்படும்.

ஒரு போத்தலைக் குறைத்து விற்றால் அன்றைய இலாபம் குறையும்தான். ஆனால் அந்த விவசாயி அடுத்த போகத்திலும் நம் கடைக்குத்தான் வருவார், பழைய கடனையும் கட்டிவிட்டு.