உயிர் காலேஜ், செத்த காலேஜ்... கொடைக்கானலில் வெளிநாட்டு விருந்தாளியுடன் ஒரு நாள்!

வெளிநாட்டிலிருந்து நண்பர் ஒருவர் வந்திருக்கிறார். கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகிறீர்கள். ஏரியில் படகு, தூண் பாறை, பைன் காட்டில் செல்ஃபி, சாக்லேட் கடை... மதியத்துக்குள் லிஸ்ட் முடிந்துவிடும். "இங்கே மிருகக்காட்சி சாலை, ஓவியக்கூடம் ஏதாவது இருக்கிறதா?" என்று அவர் கேட்டால்? கூண்டு வைத்த மிருகக்காட்சி சாலை இங்கே கிடையாது. ஆனால், செண்பகனூர் இருக்கிறது.

பாடம் செய்த உயிர்கள்

ஊரிலிருந்து சில கிலோமீட்டர் கீழே இறங்கினால் செண்பகனூர். இயேசு சபையினர் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அங்கே தங்கிப் படித்த, படிப்பித்த பாதிரியார்கள் மலையெல்லாம் அலைந்து சேகரித்தவைதான் அருங்காட்சியகமாக வளர்ந்தன. பாடம் செய்யப்பட்ட விலங்குகள், பறவைகள், பாம்புகள், பெட்டி பெட்டியாக வண்ணத்துப்பூச்சிகள். கூடவே ஆர்க்கிட் செடிகளின் தொகுப்பும் உண்டு.

சென்னையில் அந்தக் காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். அந்தக் கணக்கில் செண்பகனூர், பழனி மலையின் செத்த காலேஜ். கண்ணாடிக்குள் அசையாமல் நிற்பதால், ஓடும் காட்டில் பார்க்க முடியாததை இங்கே நிதானமாகப் பார்க்கலாம்: நகம் எப்படி வளைந்திருக்கிறது, சிறகில் எத்தனை நிறம் என்று.

தூரிகை பிடித்த பாதிரியார்

ஓவியத்துக்கும் இங்கே ஒரு கதை உண்டு. ஆங்லேட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்த மலையின் செடிகளை வண்ணத்தில் வரைந்து வைத்தார். கேமரா இருந்த காலத்தில் ஏன் வரைய வேண்டும்? அன்றைய புகைப்படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. செடியைக் காயவைத்துத் தாளில் ஒட்டினால் பூவின் நிறம் போய்விடும். நிறத்தைக் காப்பாற்றத் தூரிகைதான் வழி.

அவர் கண் செடியோடு நிற்கவில்லை. பழனி மலையில் சிதறிக் கிடக்கும் பழங்காலக் கற்திட்டைகளைப் பற்றி அவரும் நியூட்டன் என்ற பாதிரியாரும் எழுதிய நூலை, 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. தாண்டிக்குடிப் பக்கம் போனால் அந்தக் கற்திட்டைகளை இன்றும் பார்க்கலாம்.

பைன் காடு யாருடையது?

செண்பகனூரைப் பார்த்துவிட்டுப் பைன் காட்டுக்குப் போங்கள். நாம் 'இயற்கை' என்று ரசிக்கும் அந்த மரங்கள் மனிதர்கள் நட்டவை. தோல் பதனிட உதவும் பட்டைக்காக வாட்டில் என்னும் சீகை மரத்தையும், மரக்கூழுக்காக யூகலிப்டஸையும் பரப்பினார்கள். உங்கள் விருந்தாளி ஆஸ்திரேலியர் என்றால், "இது எங்க ஊர் மரமாச்சே!" என்பார். இரண்டும் அங்கிருந்து வந்தவைதான்.

இந்த மலையின் சொந்தக்காரர்கள் புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விடுபவை இவைதான். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வின்படி, பழனி மலையில் புல்வெளி 66 சதவிகிதமும் சோலைக்காடு 31 சதவிகிதமும் குறைந்துவிட்டன. வீடு போனால் அதில் குடியிருந்த பூவும் பூச்சியும் எங்கே போகும்? செண்பகனூர் பெட்டிகளின் மதிப்பு இப்போது புரியும். 'இந்த மலையில் இதெல்லாம் இருந்தது' என்பதற்கு அவை சாட்சி.

உயிர் காலேஜ் முழுசாக மூடப்படவில்லை. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டுமாடுகள் சாயங்காலம் ஊர்த் தெருவுக்கே வந்து நிற்கின்றன.

போகும் முன்...

* அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

* பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். காலையிலேயே வாங்கிவிடுவது நல்லது.

* காட்டுமாட்டைக் கண்டால் நின்ற இடத்திலிருந்தே பாருங்கள். செல்ஃபிக்காகப் பக்கத்தில் போகவே கூடாது.

* குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. கடைசியாக 2018-ல் பூத்தது. விருந்தாளியை 2030-க்கு இப்போதே அழைத்துவையுங்கள். அதுவரை புல்வெளியைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு!