கீரிக்கு எட்டாத கோழிப்பட்டி
செலவு கொஞ்சம், வீட்டிலேயே கட்டலாம்!

கொல்லையில் பத்துக் கோழி மேய்ந்தால், அந்த வீட்டுப் பெண்ணின் கையில் நாலு காசு இருக்கும்.

முட்டை விற்ற பணம் சுருக்குப் பையில் சேரும். பிள்ளைக்கு நோட்டு வாங்கலாம். அவசரத்துக்கு மருந்து வாங்கலாம். யாரிடமும் கை நீட்ட வேண்டாம். இந்தப் பணத்தைத்தான் 'சிறுவாடு' என்கிறார்கள்.

அந்தச் சிறுவாட்டுக்கு எதிரிகள் உண்டு.

பகலில் கீரி வரும். வானத்திலிருந்து பருந்து இறங்கும். இருட்டினால் காட்டுப்பூனையும் மரநாயும் வரும். முட்டையைத் தேடிப் பாம்பு வரும். ஆறு மாதம் வளர்த்த கோழி ஆறு நொடியில் போய்விடும்!

அடிக்கலாமா?

கூடாது. கீரியையும் காட்டுப்பூனையையும் கொல்வது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கீரி இருந்தால் எலியும் பாம்பும் குறையும்.

அப்படியானால் என்ன செய்வது? கீரியை விட்டுவிட வேண்டும். கோழிக்கு வேலி போட வேண்டும்.

எவ்வளவு இடம்?

ஒரு கோழிக்குப் பத்துச் சதுர அடி இடம் இருந்தால் நல்லது. பத்துக் கோழிக்கு 10 அடி நீளம், 10 அடி அகலம் போதும்.

இடம் மேடாக இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கினால் கோழிக்கு நோய் வரும். பள்ளமான இடம்தான் இருக்கிறது என்றால், அரை அடி உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கலாம். பக்கத்தில் முருங்கையோ அகத்தியோ இருந்தால் நிழல் கிடைக்கும்.

என்னென்ன வேண்டும்?

எட்டு அடி உயரக் கம்புகள் ஒன்பது. நாலு அடி அகலமுள்ள அரை அங்குலக் கண் கம்பி வலை, 40 அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக. பழைய மீன் வலை. கட்டுக்கம்பி. கடப்பாறை, சுத்தியல், குறடு. இவ்வளவுதான்.

கிளுவைக் கம்பு அல்லது பூவரசங்கம்பு கிடைத்தால் அதையே நடலாம். மழைக் காலத்தில் நட்டால் துளிர்த்துவிடும். துளிர்த்த கம்பைக் கரையான் அரிக்காது. காய்ந்த கம்பு என்றால், அடியில் தார் பூசி நட வேண்டும்.

கம்பு நடுவது

நாலு மூலைக்கு நாலு கம்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒன்று. மொத்தம் எட்டு. ஒன்பதாவது கம்பு கதவுக்கு. இரண்டரை அடி அகலம் விட்டு அதை நட வேண்டும். குழி இரண்டு அடி ஆழம் இருக்கட்டும். கம்பு ஆறு அடி வெளியே நிற்கும். ஆள் குனியாமல் உள்ளே போய்ப் பெருக்கலாம்.

வலையில்தான் சூட்சுமம்

பலர் வலையைத் தரையோடு நிறுத்திவிடுகிறார்கள். கீரிக்கு அது போதும்! மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்துவிடும்.

அதனால் வலையின் அடிப்பக்கம் ஒரு அடியை வெளிப்பக்கமாக மடக்க வேண்டும். அதைத் தரையில் படுக்க வைத்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூட வேண்டும். மீதி மூன்று அடியை நிமிர்த்திக் கம்புகளில் கட்ட வேண்டும்.

கீரி வேலியை ஒட்டித்தான் பறிக்கும். பறித்த இடத்தில் வலை தட்டும். ஒரு அடி தள்ளிப் போய்ப் பறிக்க அதற்குத் தோன்றாது!

கதவுக்கு அடியிலும் ஒரு பலகைக் கல்லைப் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கீரி அந்த வழியாக வரும்.

கம்பி வலைக்கு மேலே உள்ள மூன்று அடிக்கு மீன் வலையைக் கட்டலாம். மேல்பக்கத்தையும் மீன் வலையால் மூட வேண்டும். அப்போதுதான் பருந்தும் காக்கையும் குஞ்சைத் தூக்காது.

இரவுக்குத் தனிக் கூடு

மீன் வலையைக் கடித்துக் கிழிக்க மரநாய்க்கு அதிக நேரம் ஆகாது. ஆகவே பட்டி பகலுக்கு மட்டும்தான். இரவுக்கு உள்ளே ஒரு கூடு வேண்டும்.

5 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள கூடு பத்துக் கோழிக்குப் போதும். பலகையாலோ மூங்கில் பட்டையாலோ செய்யலாம். இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்றரை அடி உயரக் கால்களில் நிற்க வேண்டும். மேலே தென்னங்கீற்று வேயலாம்.

கூட்டுக்குள் குறுக்கே இரண்டு கம்புகளைக் கட்ட வேண்டும். கோழியின் மூதாதை காட்டுக்கோழி. அது இரவில் மரக்கிளையில் அடையும். அந்தப் பழக்கம் வீட்டுக் கோழிக்கும் போகவில்லை.

முட்டையிட, வைக்கோல் பரப்பிய கூடைகள் இரண்டு வைத்தால் போதும்.

சாம்பல் குளியல்

பட்டியின் ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்ட வேண்டும். கோழி அதில் புரண்டு குளிக்கும். உடம்பில் உள்ள பேன் குறையும்.

கோழிகள் பட்டிக்குள் இருக்கும் புல்லைச் சில நாளிலேயே கொத்தித் தீர்த்துவிடும். தினமும் ஒரு கட்டுக் கீரையைத் தொங்க விடலாம். முட்டை ஓடு கெட்டியாக, கிளிஞ்சல் தூள் வைக்கலாம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

எச்சத்தை வாரத்துக்கு ஒரு முறை அள்ளி மக்க வைத்தால், காய்கறிச் செடிக்கு நல்ல உரம்.

வேலி தடுக்காத எதிரி

ஒரு எதிரியை வேலி தடுக்காது. அதுதான் வெள்ளைக்கழிச்சல் நோய். வந்தால் மொத்தக் கோழியையும் வாரிக்கொண்டு போகும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் முதல் சொட்டு விட வேண்டும். அடுத்தடுத்த மருந்து எப்போது என்று அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

திறப்பதும் அடைப்பதும்

கோழி பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். அதுவரை பட்டிக்குள்ளேயே இருந்தால் புதரில் முட்டை தொலையாது. மாலையில் ஆள் பார்க்க ஒரு மணி நேரம் வெளியே மேய விடலாம். இருட்டும் முன் கூட்டில் அடைத்துத் தாழ்ப்பாள் போட வேண்டும்.

தாழ்ப்பாள் போடுமுன் கோழிகளை எண்ண வேண்டும். காலையில் திறந்ததும் மறுபடி எண்ண வேண்டும்.

இரவு பத்து, காலையிலும் பத்து! அதுதான் லாபம்.