பேகன்: வைத பெயர், வாழும் வழிபாடு

பேகன் என்று தமிழில் எழுதியதுமே மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்தான் நம் நினைவுக்கு வருவார். இது அவரைப் பற்றியது அல்ல. மேலை நாடுகளில் தம்மைப் ‘பேகன்’ என்று அழைத்துக்கொள்ளும் வழிபாட்டுக்காரர்களைப் பற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், மதம் என்ற இடத்தில் பேகன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் 74,000 பேர். அதன் ஒரு கிளையான விக்காவின் பெயரைத் தனியாக எழுதியவர்கள் சுமார் 13,000 பேர்.

முதலில் அந்தப் பெயர். லத்தீனில் ‘பாகுஸ்’ என்றால் நாட்டுப்புறம். ‘பாகனுஸ்’ என்றால் பட்டிக்காட்டான். ரோமப் படைவீரர்கள் சிப்பாய் வேலை பார்க்காத சாதாரண ஆளையும் இப்படித்தான் அழைத்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் கிறிஸ்தவம் ஓங்கியபோது, பழைய தெய்வங்களை விடாமல் கும்பிட்டவர்கள் மேல் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தியோடோசியஸ் பேரரசர் 391, 392ஆம் ஆண்டுகளில் அந்த வழிபாட்டுக்கே தடை போட்டார். ஜூபிடருக்குப் பலி கொடுத்தவர் ஒருநாளும் தன்னைப் பேகன் என்று சொல்லிக்கொண்டதில்லை. நம் ஊர் பழைய மிஷனரி எழுத்துகளில் ‘அஞ்ஞானி’ என்ற சொல் வருமே, அதே ரகம். அம்மனுக்குக் கூழ் ஊற்றியவரும் தன்னை அஞ்ஞானி என்று சொல்லிக்கொள்ளவில்லை. வைதவர்கள் கொடுத்த பெயரை 20ஆம் நூற்றாண்டில் சிலர் தாங்களே எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். இன்றைய பேகன் சமயத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாப் பேகன்களும் ஒப்புக்கொள்ளும் வேதநூல் கிடையாது. தலைமைப்பீடம் கிடையாது. இயற்கை புனிதமானது, தெய்வம் ஆணாகவும் பெண்ணாகவும் பலவாகவும் இருக்கலாம், காலம் சக்கரம்போலச் சுழல்கிறது என்ற மூன்று எண்ணங்களைப் பெரும்பாலானவர்களிடம் பார்க்கலாம். அதற்கு மேல் ஆளுக்கொரு பேச்சு. ஒரே சடங்கில் நிற்கும் மூவரில் ஒருவர் தெய்வங்கள் நிஜமாகவே பல என்பார். அடுத்தவர் எல்லாம் ஒரே சக்தியின் வடிவங்கள் என்பார். மூன்றாமவர் தெய்வம் என்பது மனத்துக்குள் இருக்கும் உருவகம் என்று முடித்துவிடுவார். சடங்கு மட்டும் தடையில்லாமல் நடக்கும். கோயிலுக்குப் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

பேகன் என்ற பெருங்குடையின் கீழ் அதிகம் அறியப்பட்டது விக்கா. அதை உலகுக்குக் காட்டியவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884இல் லிவர்பூல் அருகே பிறந்தவர். பதின்ம வயதில் தேயிலைத் தொழில் பழக இலங்கையின் மஸ்கெலியாப் பக்கம் வந்து சேர்ந்தார். நம் மக்கள் கொழுந்து பறித்த அதே மலையகம்தான். பிறகு போர்னியோ, மலாயா என்று சுற்றி, சுங்க அதிகாரியாகி, மலாய்க் குறுவாள்களைப் பற்றி 1936இல் ஒரு நூலும் எழுதிவிட்டு ஊர் திரும்பினார். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் வட்டாரத்தில் பழைய சூனியக்காரர்களின் குழு ஒன்று மறைவாக வாழ்ந்துவருகிறது என்றும், 1939இல் அது தனக்குத் தீட்சை கொடுத்தது என்றும் பின்னாளில் சொன்னார். சூனியம் தொடர்பான 1735ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. மூன்றே ஆண்டில், 1954இல், ‘இன்றைய சூனியம்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் வந்தது.

விக்கா கற்காலம் முதல் அறுபடாமல் வந்த மதம் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். மார்கரெட் மரே என்ற எகிப்தியல் அறிஞர் 1921இல் முன்வைத்த கருத்து அதற்குத் துணை நின்றது. இன்று வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. ரொனால்டு ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூல், விக்கா நவீன பிரிட்டனில் உருவான சமயம் என்று விரிவாகக் காட்டியது. பழைய மந்திர நூல்கள், ஃப்ரீமேசன் என்ற இரகசியச் சங்கத்தின் சடங்குகள், நாட்டார் வழக்கு எல்லாம் கலந்த சமையல் இது. வழிபாட்டு வாசகங்களில் பெரும்பகுதியைச் செதுக்கியவர் கார்ட்னரின் சீடராக வந்த டோரீன் வாலியண்டே. புதிய மதம் என்பதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. எல்லா மதமும் ஒரு காலத்தில் புதியதுதானே. தொன்மை பேசி ஏமாற்றுவதுதான் குறை. விவரம் தெரிந்த விக்காக்காரர்கள் இப்போது அதைச் செய்வதில்லை.

ஒரு விக்கா சடங்கில் என்ன நடக்கும்? குழுவுக்குப் பெயர் ‘கவென்’. மரபுப்படி பதின்மூன்று பேர்வரை. தலைமைப் பூசாரிணிக்கே முதலிடம். கறுப்புப் பிடி போட்ட இருபுறக் கூர்கத்தி ஒன்று பூசைமேடையில் இருக்கும். அதன் பெயர் ‘அதாமே’. அதை வைத்து எதையும் நறுக்கமாட்டார்கள். காற்றில் நுனியை நீட்டி, நிற்கும் இடத்தைச் சுற்றி வட்டம் வரைவார்கள். வட்டம் போட்டால் அந்த வீட்டுக்கூடமே அன்றைக்குக் கோயில். பிறகு நான்கு திசைகளை அழைப்பார்கள்: கிழக்குக்குக் காற்று, தெற்குக்கு நெருப்பு, மேற்குக்கு நீர், வடக்குக்கு மண். ஐந்தாவதாக ஆவி, இந்த ஐந்தின் அடையாளம்தான் ஐம்முனை நட்சத்திரம். வழிபாட்டின் உச்சத்தில் மதுக்கிண்ணத்துக்குள் கத்தி நுனியை இறக்குவார்கள். ஆணும் பெண்ணும் கூடுவதன் குறியீடு அது. கடைசியில் பணியாரமும் மதுவும் பகிர்ந்து உண்டு, அழைத்த திசைகளுக்கு விடைகொடுத்து, வட்டத்தைக் கலைப்பார்கள். கார்ட்னர் வழியில் ஆடையின்றி நிற்பதும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘வானத்தை உடுத்தவர்’ என்று பொருள். நம் திகம்பரர் என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். மற்ற கிளைகளில் அங்கி அணிவார்கள். சடங்கு முறைகளை எழுதிவைக்கும் ஏட்டுக்கு ‘நிழல்களின் நூல்’ என்று பெயர். தீட்சை பெற்றவர் அதைக் கையாலேயே படியெடுப்பது வழக்கம்.

பௌர்ணமி வழிபாடு ‘எஸ்பாட்’. ஆண்டுக்கு எட்டுப் பெருநாள்கள் ‘சபாட்’. எட்டும் சேர்ந்தது ஆண்டுச் சக்கரம். அக்டோபர் 31இல் வரும் ‘சௌவின்’ இறந்தவர்களை நினைக்கும் இரவு, நமக்கு மகாளய அமாவாசை மாதிரி. டிசம்பரில் நீண்ட இரவன்று யூல். பிப்ரவரித் தொடக்கத்தில் இம்போல்க், மே முதல் நாள் நெருப்பு மூட்டிப் பெல்டேன், ஆகஸ்ட் முதல் நாள் அறுவடைக்கு லூனசா. மீதி மூன்றும் சமபகல் நாள்களிலும் கோடையின் நெடும்பகலிலும் வரும். பழைய கெல்டியர்கள் எட்டையும் ஒருசேரக் கொண்டாடியதற்குச் சான்றில்லை; சக்கரமாகக் கோத்தது 20ஆம் நூற்றாண்டு. ஆஸ்திரேலியாவில் பலர் இதைத் தலைகீழாகத் திருப்பி, யூலை ஜூனில் கொண்டாடுகிறார்கள். அங்கே அப்போதுதானே குளிர்காலம்.

விக்காவின் ஒழுக்க நெறி ஒரே வரிதான்: பிறருக்குத் தீங்கில்லை என்றால் விரும்பியதைச் செய். செய்தது மூன்று மடங்காகத் திரும்பும் என்றும் பலர் நம்புகிறார்கள்.

ட்ரூயிட்கள் வேறு கிளை. பழைய கெல்டியப் பூசாரிகளின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள். கோடை நெடும்பகலன்று இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் வெள்ளை அங்கியோடு நிற்பவர்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கற்களை நட்டவர்கள் பழைய ட்ரூயிட்கள்கூட அல்லர். அவர்களுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேல் முந்தையவை அவை.

வடக்கே ஐஸ்லாந்தில் இன்னொரு கதை, அதிலும் ஒரு போர்வை வருகிறது. கிறிஸ்தவமா, பழைய தெய்வங்களா என்று கி.பி. 1000 வாக்கில் நாடு இரண்டுபட்டது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, பழைய நெறியைச் சேர்ந்த தோர்கெயிர் என்ற தலைவரிடம் வந்தது. அவர் ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்தார். எழுந்து வந்து, நாடு கிறிஸ்தவமாகட்டும், வீட்டுக்குள் பழைய பலி தொடரலாம் என்றார். சலுகை வெகுநாள் நீடிக்கவில்லை. 1972இல் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் என்ற விவசாயக் கவிஞரும் நண்பர்களும் பழைய தெய்வங்களான ஓடின், தோர் வழிபாட்டுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1973இல் அரசு அங்கீகரித்தது. இந்த நெறிக்கு ‘ஆசத்ரு’ என்று பெயர். கூடி வாழ்த்துச் சொல்லி, மதுக்கொம்பைச் சுற்றுக்கு விட்டு, விருந்துண்ணும் சடங்கு ‘ப்ளோட்’. நார்டிக் ரூன் எழுத்துகளை நாஜிகள் பயன்படுத்தியதால், இனவெறிக் கும்பல்கள் இந்த வழிபாட்டில் இன்றும் ஒட்டப் பார்க்கின்றன. ஐஸ்லாந்துச் சங்கம் அவர்களை வெளிப்படையாகவே மறுக்கிறது.

கடைசியாக, பேகன்கள் சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்ற பேச்சு. சாத்தான் கிறிஸ்தவ நம்பிக்கையில் வருபவன். பேகன்களின் தெய்வ வரிசையில் அவனுக்கு இடமில்லை. சூனியக்காரர்கள் என்று குற்றம்சாட்டி ஐரோப்பாவில் முன்பு நடந்த சூனிய வேட்டையில் இறந்தவர்கள் தொண்ணூறு லட்சம் என்று பேகன்களே சிலர் சொல்வதும் தவறு. ஆய்வாளர்களின் மதிப்பீடு 40,000 முதல் 60,000வரை. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.

வெளிநாட்டில் உங்கள் அலுவலகத்திலோ பக்கத்து வீட்டிலோ ஐம்முனை நட்சத்திரம் கோத்த சங்கிலி அணிந்தவரைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்கப் படைவீரர்களின் கல்லறைக் கற்களிலேயே அந்த நட்சத்திரத்தைப் பொறிக்க 2007இல் அரசு அனுமதி கொடுத்துவிட்டது. “நீங்கள் எந்த வழி?” என்று கேளுங்கள். பதில் சொல்ல அவரிடம் நிறைய இருக்கும்.