ஒரு பேழையும் இருவகைக் கணினியும்

பண்டை ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்றன. படிப்பவரே இடம் நோக்கி ஓசையைத் தெளிந்தனர். ஓர் உருவுக்கு இரண்டு ஒலி என்பது அக்காலத்து இடர். இக்காலத்துக் கணினியிலோ ஓர் உருவுக்கு இரண்டு குறியீடு என இடர் வேறுமுகம் காட்டுகிறது. பள்ளிக்குக் கோப்புப் பேழை வாங்குவோர் இதனை அறிதல் நன்று.

மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டங்களில் தோன்றியவை. புக்கிட் லிந்தாங், தெபோலாங், கெமுனிங் ஆகிய தோட்டங்களின் பெயர்கள் இன்றும் பள்ளிப் பெயர்களில் வாழ்கின்றன. சிறு பள்ளிகள் பழைய கணினிகளை எளிதில் கழித்துவிட இயலாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏலாத கணினிகளில் லினக்ஸை ஏற்றுவது ஒரு வழி. அவ்வழிச் சென்றால், அலுவலகத்து விண்டோஸும் வகுப்பறை லினக்ஸும் ஒரே சேமிப்பகத்தை நாடும். வட்டுகளைத் தன்னுள் கொண்டு, வலை வழியே எல்லாக் கணினிகளுக்கும் கோப்பு வழங்கும் சிறு பெட்டியே வலைச் சேமிப்பகமாகும்.

இப்பெட்டியோடு கணினி உரையாடும் நெறிகள் இரண்டு. எஸ்.எம்.பி. என்பது விண்டோஸுக்கு இயல்பானது, என்.எஃப்.எஸ். என்பது 1984-இல் சன் நிறுவனம் வெளியிட்டது, லினக்ஸுக்கு இயல்பானது. இரண்டனுள் எதனைக் கொள்வது? எஸ்.எம்.பி. நெறியையே கொள்க. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரு டிரிட்ஜெல் 1991-இன் இறுதியில் தொடங்கிய சாம்பா என்னும் மென்பொருளால் லினக்ஸும் இந்நெறியைப் பேசும். விண்டோஸ் வீட்டுப் பதிப்பிலோ என்.எஃப்.எஸ். வசதி இல்லை, அஃதுள்ள பதிப்புகளிலும் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தோன்றுவதுண்டு. எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பை மட்டும் அடைத்துவிடுக. 2017 மே மாதத்தில் உலகை அலைக்கழித்த வான்னாகிரை என்னும் தீநிரல் அதன் வழியே பரவிற்று.

இனிப் பெயரின் நீளத்தை நோக்குவோம். லினக்ஸ் வட்டில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேற்படாது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் செல்லும். ஆதலின் 85 குறிகளே அடங்கும். ‘மாணவர்களின்’ என்பது நமக்கு ஏழெழுத்து. கணினிக்கோ 11 குறி, 33 பைட். சினாலஜி பெட்டிகளில் மறையாக்கம் செய்த பகிர்கோப்புறையின் எல்லை 143 பைட்டாகச் சுருங்குவதுண்டு. அதில் 47 தமிழ்க் குறிகளே கொள்ளும். ‘ஐந்தாம் ஆண்டு இலக்கணப் பயிற்சி’ என நீளப் பெயரிடும் ஆசிரியர் இதனைக் கருதுக. கேள்விக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது, அவற்றையும் விலக்குக.

தொடக்கத்திற் கூறிய இரட்டைக் குறியீடு யாதெனில், ‘கொ’ என்பதனை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இரண்டு பெயர். ‘கொடி’ என்னும் வினாத்தாளைத் திருத்திச் சேமிக்கையில் பழையது அழியாது அருகிலேயே நிற்கும். தேர்வு நாளில் பழையதே அச்சேறினும் வியப்பில்லை. எந்தப் பெட்டியும் இதற்கு முழு மருந்தன்று. பள்ளி முழுவதும் ஒரே உள்ளீட்டு முறையை, 1999-இல் வகுத்த தமிழ்99 போன்றதனை, மேற்கொள்வதே மருந்து.

இரட்டை வட்டுள்ள பெட்டி வாங்கினால் படி எடுத்ததாகிவிடும் என்று எண்ணுவாருமுளர். ஒரு வட்டு பழுதுபட்டால் மற்றது காக்கும். தவறி அழித்த கோப்போ இரண்டிலும் அழிந்துபடும். இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில் ஒரே மின்னல் இரண்டையும் கருக்கலாம். ஆகவே மற்றொரு படி, மின்னிணைப்பு நீக்கப்பட்டு, வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும்.

விலை பேசுமுன் இரு கணினிகளிலிருந்தும் நீண்ட தமிழ்ப் பெயரொன்றை எழுதி, மாறிமாறித் திறந்து பார்க்க. கொள்ளளவு எத்துணை என்பது அதற்குப் பின்னரே எழ வேண்டிய வினா.